நாக்குக்கு அடியில ஒரு மாதுளை முத்து

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! நான் இப்ப சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும், என் வாயில மிச்சம் நிக்கிற இந்த ஒத்தப் பல்லு இப்பவே, இந்தக் கட்டில் மேலயே, பொத்துன்னு விழட்டும். விழுந்துச்சா? கிட்ட வந்து பாரு. விழல பாத்தியா. அப்ப எல்லாம் நெசம்.

அடுப்படியில ஒங்க உம்மா சிரிக்கிறா, கேக்குதா? சிரிக்கட்டும். பெத்த வாப்பா எதச் சொன்னாலும் அவளுக்குப் புளுகுதான். கடல்ல ஒரு சீலா மீனு எனக்கு சலாம் சொல்லுச்சுன்னு சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சா. அந்த மீனு கேட்டிருந்தா மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

சரி ஜெமீலா, தலகாணிய நிமித்து. கிண்ணத்த வயித்து மேல வச்சுக்க. ஒங்க உம்மாவப் பெத்த இந்த நன்னா கஷ்டப்பட்டு ஒடைச்சு உதுத்துக் குடுத்த பழம். அவசரப்படாத, மொதல்ல கதையக் கேளு, அப்புறம் தின்னுக்கலாம். நடுவுல நடுவுல 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும். எங்க, ஒண்ணு கொட்டு பாப்போம்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு மாதுள மரம் இருந்துச்சு. கடலோரத்து ஊரு. அங்க உப்புக்காத்து எப்படி அடிக்கும்னா, கோழி போட்ட முட்டைய அவிச்சு அப்படியே திங்கலாம், உப்பு தொட்டுக்கவே வேணாம். தென்னைய விட்டா வேற மரம் தலையெடுக்காது. முருங்கைய நட்டா மூணாம் நாளு கருகும். வேப்பங்கன்னு கூட 'எனக்கு இந்த ஊரு வேணாம்'னு குனிஞ்சுக்கும். அப்பேர்ப்பட்ட ஊர்ல ஒரே ஒரு மாதுள மரம், அசனம்மா வூட்டுக் கொல்லையில, கிணத்தடியில.

அசனம்மா யாருன்னா, கல்யாண வூடுகளுக்குச் சமைக்கப் போற பொம்பள. அவ புருசன் கப்பலுக்குப் போனவரு. கப்பல் திரும்பி வந்துச்சு, அவரு வரல. போறதுக்கு முந்தி அவரு கையால நட்டுட்டுப் போனதுதான் அந்த மரம். மரமும் ஒத்தை, அவளும் ஒத்தை. அவளுக்கு ஒரே மக, சபூரா. ஒன் வயசுதான் இருக்கும். ஒன்ன மாதிரியே சோத்துத் தட்டக் கண்டா கொல்லப்பக்கமா ஓடுறவ.

ம்.

இப்ப ஒரு விசயம் சொல்லணும். ஒவ்வொரு மாதுளம்பழத்துக்குள்ளயும் ஒரே ஒரு முத்து சொர்க்கத்துலேர்ந்து வந்ததுன்னு நம்ம பெரியவுக சொல்லுவாக. எந்த முத்துன்னு யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே செவப்பு, ஒரே பளபளப்பு. அதனால திங்கிறப்ப ஒண்ணையும் சிந்தக்கூடாது. சிந்துனது அதுவா இருந்துட்டா? ஊர்ல எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் எல்லாரும் சிந்துவாக. கொஞ்ச நேரம் 'அய்யோ'ம்பாக, அப்புறம் கையக் கழுவிட்டுப் போயிருவாக. அசனம்மா மட்டும்தான் சிந்த மாட்டா.

அவ பழம் ஒடைக்கிறத நீ பாக்கணுமே! மொதல்ல பழத்துத் தலையில இருக்குற கிரீடத்தச் சுத்தி மூங்கில் சில்லால வட்டமாக் கீறுவா. கத்தி, அருவாமணை எதையும் கிட்ட விடமாட்டா. இரும்பு பட்டா மாதுளச் சாறு கறுத்துப்போயி, நாக்குல துரு ஏறிடும்பா. அப்புறம் பழத்து முதுகுல மேடு மேடா ஓடும் பாரு, அந்த மேட்டு மேலயே கீறிட்டு, கட்டவெரலு ரெண்டையும் உள்ள விட்டு ஒரு திருப்பு. சர்ர்ரக்! பூ மாதிரி விரியும். ஒரு முத்து நசுங்காது. அப்புறம் அதக் கவுத்துப் புடிச்சு அகப்பைக் காம்பால முதுகுல தட்டுவா. டொக், டொக், டொக். சொடசொட சொடசொடன்னு தண்ணிச்சட்டிக்குள்ள விழும். முத்தெல்லாம் அடியில போயி உக்காந்துக்கும், கசப்புத் தோலெல்லாம் மேல மெதக்கும். மெதக்குறத அள்ளி வெளிய போட்டா, உள்ள இருக்குறது பூராவும் மாணிக்கம்.

சாறு எடுக்கணும்னா அம்மிப் பக்கமே போகமாட்டா. முத்த மெல்லிசுத் துணியில கட்டி, புள்ளைக்குக் கால் அமுக்குற மாதிரி மெத்து மெத்துன்னு அமுக்குவா. உள்ள இருக்குற கொட்டை நசுங்குனா கசக்கும்ல? அந்தச் சாத்துல பன்னீரு, கல்கண்டு, ஊறப்போட்ட சப்ஜா வெதை. ஒரு தடவ ஒரு மாப்பிள்ள அந்த சர்பத்தக் குடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. 'நிக்காவுக்குச் சம்மதமா'ன்னு கேட்டாக. 'இன்னொரு கிளாசு'ன்னாரு. அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டு எல்லாரும் துஆ ஓதிட்டாக.

அவ பச்சடி இன்னும் மோசம். கெட்டித் தயிரு, உப்பு, வறுத்துப் பொடிச்ச சீரகம், கீறுன பச்சமொளகா. நெய்ச்சோறு சஹனுக்கு, அதான் நாலஞ்சு பேரு சேந்து உக்காந்து திங்கிற பெரிய தட்டுக்கு, வந்ததுக்கு அப்புறம்தான் முத்த அள்ளி மேல தூவுவா. முன்னாடியே கலந்தா தயிரு வெக்கப்பட்ட மாதிரி செவந்துபோயிரும். அந்தப் பச்சடியத் தின்னுட்டு, எந்தக் காலத்துலயோ பேச்ச முறிச்சுக்கிட்ட சம்பந்திக ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்து, 'அந்தக் கிண்ணத்த இங்கிட்டுத் தள்ளும்'னு பேசிக்கிட்டாக. சத்தியம்! பல்லப் பாரு.

ம்.

ஆனா அவகிட்ட ஒரு பழக்கம் உண்டு. பரிமாறுறப்ப அவ சஹனப் பாக்கமாட்டா. திங்கிறவுக மொகத்தத்தான் பாப்பா. புருவம் மேல போனா உப்பு கூட. கன்னம் உள்ள போனா புளிப்பு கூட. கண்ணு மூடுனா எல்லாம் சரி. பக்கத்து வூட்டு மீராமா ஒருநா சண்டைக்கே வந்துட்டா. மீராமாவுக்கு வாயி கொஞ்சம் நீளம்.

"ஏண்டி அசனு, என் மருமகன என்னத்துக்கு அப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குற?"

"ஒன் மருமகன யாரு பாத்தா? அவரு வாயத்தான் பாத்தேன். இன்னொரு கரண்டி கேக்குது, நீ குடுக்கமாட்டேங்குற."

சபூராவுக்கும் ஒரு பழக்கம். எதத் தின்னாலும் மொத வாய உம்மாவுக்கு ஊட்டாம திங்கமாட்டா. முறுக்கோ, கொழுக்கட்டையோ, மாதுள முத்தோ, "உம்மா, ஆ காட்டு"ம்பா. அசனம்மா அடுப்புல கரண்டியக் கிண்டிக்கிட்டே வாயத் தொறப்பா. புள்ள கையி உள்ள போயிட்டு வரும். அந்த வாயி மென்னதுக்கு அப்புறம்தான் இந்த வாயி மெல்லும். அப்படி ஒரு சட்டம் அந்த வூட்டுல.

ம்.

அப்புறம் ஒரு ஐப்பசி வந்துச்சு. மழை புடிச்சா விடல. கடலும் வானமும் ஒரே சாம்பல் நெறமாப் போச்சு, எது எங்க முடியுதுன்னே தெரியல. வள்ளமெல்லாம் கரையில குப்புறக் கெடந்துச்சு, செத்த ஆமை மாதிரி. காக்காய்க கூட கரையல. செவுத்துல கைய வச்சா கையி நனையும். அடுப்பு பத்தவச்சா பொக பொகன்னு பொக மட்டும் வரும், தீ வராது. கல்யாணம் எதுவும் நடக்கல. அந்த நேரம் பாத்து ஒரு காய்ச்சல் ஊருக்குள்ள வந்துச்சு. கதவத் தட்டிக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? ஓட்டு இடுக்குல மழைத்தண்ணி எறங்குற மாதிரி சத்தமில்லாம எறங்குச்சு.

அப்போ சபூரா பாயில படுத்தா.

மொத நாளு சோறு வேணாம்னா. அப்புறம் கஞ்சி வேணாம்னா. அப்புறம் தண்ணியக் குடுத்தா தண்ணியும் கசக்குதுன்னா. நாக்கு வெள்ளையாப் பூத்துப்போச்சு. ஒடம்பு நெருப்பு மாதிரி. அவ பாயில விரிச்ச ஈரத்துணி தானாவே காஞ்சுச்சுன்னா பாத்துக்க.

உதுமான் வைத்தியரு குடையப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. கையப் புடிச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் புடிச்சிருந்தாரு.

"மருந்து தாரேன் அசனம்மா. ஆனா வெறும் வயித்துல மருந்து நிக்காது. வயித்துக்குள்ள ஏதாச்சும் போகணும். அதுவா ஆசப்பட்டுத் திங்கணும். தின்னா பொழச்சுக்கும்."

"திங்காட்டி?"

வைத்தியரு குடைய விரிச்சாரு. வூட்டுக்குள்ளயே விரிச்சுட்டாரு பாவம். வெளிய போயி விரிக்கணும்னு கூட அவருக்குத் தோணல.

ம்... நன்னா, அவ தின்னாளா?

இரு, சொல்றேன். அசனம்மா கொல்லைக்குப் போனா. மழையில மரம் எலையெல்லாம் கொட்டிப்போயி நிக்குது. அதுல மூணே மூணு பழம் தொங்குச்சு. எப்பவும் மேல்கெளப் பழம் அணிலுக்குன்னு விட்டுருவா. இந்தத் தடவ விடல. மூணையும் மரத்துலயே துணியில சுத்திக் கட்டி வச்சா. அணிலு வேலி மேல உக்காந்து 'கிச் கிச் கிச்'னு ஏசுச்சு. அவ திரும்பிப் பாக்கல.

அவ மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? மூணு பழம்னா மூணு சொர்க்கத்து முத்து. அதுல ஒண்ணு எம்புள்ள வயித்துக்குள்ள போனாப் போதும், எந்திரிச்சு உக்காந்துரும். ஆனா புள்ள திங்கப்போறது ஒரு வாயோ ரெண்டு வாயோ. அந்த வாயில அந்த முத்து இருக்கணுமே! அதனால ஒரு முத்தும் வேற எங்கயும் போகக்கூடாது. ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. அம்புட்டும் புள்ளைக்குத்தான்.

மொதப் பழத்த ஒடைச்சா. டொக், டொக், டொக். சாறு எடுக்கணும். துணிய எடுத்தா, வச்சா. திரும்ப எடுத்தா, திரும்ப வச்சா. அப்புறம் அம்மிய இழுத்துப் போட்டா. முத்த அள்ளி அம்மியில கொட்டி, கரகர கரகரன்னு அரைக்க ஆரம்பிச்சா. வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து மீராமா எட்டிப் பாத்தா.

"அடியேய்! கொட்டையோடயா அரைக்கிற? கசக்கும்டி! நீதான எனக்கே சொல்லிக் குடுத்த?"

"துணியில கட்டிப் பிழிஞ்சா சக்கையிலயே அந்த முத்து தங்கிருச்சுன்னா?"

"எந்த முத்து?"

"அந்த முத்து."

மீராமா வாய மூடிக்கிட்டா. அவ வாய மூடுனத ஊரு பாத்ததே இல்ல.

அசனம்மா ஒட்டிக்கிட்டிருந்த தோலக் கூட விடல, வழிச்சு எடுத்துக் கலந்தா. கிண்ணத்துல ஊத்திக்கிட்டுப் புள்ளைகிட்ட வந்தா. சபூரா கண்ணத் தொறந்தா. செவப்பப் பாத்ததும் லேசாச் சிரிச்சா.

"உம்மா, ஆ காட்டு. நீ மொதல்ல."

"எனக்கு வேணாம் தங்கம். இது பூராவும் ஒனக்கு."

"ஒரு வாயி."

"ஒரு சொட்டும் வேணாம். அந்த ஒரு சொட்டுல அது இருந்துட்டா என்ன செய்வேன்? குடி."

புள்ள ஒரு மொடக்கு குடிச்சா. மொகம் அப்படியே சுருங்குச்சு, கசக்கிப் போட்ட துணி மாதிரி. ஆனா அசனம்மா மொகத்தப் பாக்கல, கிண்ணத்தப் பாத்துக்கிட்டிருந்தா. எம்புட்டு கொறஞ்சுச்சு, எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தா. "இன்னொண்ணு, இன்னொண்ணு"ன்னு ஊத்துனா. உவ்வே! அம்புட்டும் வெளிய வந்துச்சு. பாயி பூராவும் செவப்பு. மாதுளக் கறை போகாது, ஒனக்கே தெரியும். அந்தப் பாயில அது கடைசி வரைக்கும் இருந்துச்சு.

அவ ஒரே ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்திருந்தா கசப்பு தெரிஞ்சிருக்கும். ஊருக்கே உப்பு பாக்குறவ, அன்னைக்கு ருசி பாக்கல.

ம்...

அப்போ ரெண்டாவது பழம். இந்தத் தடவ மணப்பாகு காய்ச்சலாம்னு நெனச்சா. அதாவது சாத்தக் கல்கண்டு போட்டுக் கொதிக்க வச்சு, வத்த வச்சு, தேனு மாதிரி எடுக்குறது. பழம் பூராவும் ஒரு கரண்டிக்குள்ள வந்துரும். ஒரு கரண்டிய முழுங்குனா எல்லா முத்தும் உள்ள! நல்ல யோசனதான். துணியில மெல்லப் பிழிஞ்சா, கசக்கல. ஆனா எதுல காய்ச்சுறது? பித்தளச் சட்டியில ஈயம் போயிருச்சு. பூசுறவரு மழைக்கு இந்தப் பக்கம் வரல.

மீராமா வேலி வழியா ஒரு மண்சட்டிய நீட்டுனா. "இந்தா, பழகுன சட்டிதான். இதுல காய்ச்சு."

"மண்சட்டி குடிக்கும்."

"என்னாடி குடிக்கும்?"

"சாத்தக் குடிக்கும். மண்ணு உறிஞ்சுரும்ல? அதுக்குள்ள அது போயிருச்சுன்னா?"

"அசனு, என்னப் பாரு. நீ தூங்கி எம்புட்டு நாளாச்சு? நான் கிண்டுறேன், நீ போயி புள்ளைக்குப் பக்கத்துல உக்காரு."

"ஒன் கரண்டியில ஒட்டிக்கிட்டா?"

மீராமா சட்டியத் திருப்பி எடுத்துக்கிட்டா. கோவம் இல்ல. அவ கண்ணு கலங்கிப்போச்சு.

அசனம்மா இரும்புச் சட்டியத் தூக்கி அடுப்புல வச்சா. ஊருக்கெல்லாம் 'இரும்பு ஆகாது, இரும்பு ஆகாது'ன்னு சொன்ன அதே பொம்பள. இரும்பு குடிக்காதுல்ல, அதான். கொத கொத, கொத கொத. செவப்பு பழுப்பாச்சு, பழுப்பு கறுப்பாச்சு. அவ கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் கிண்டிக்கிட்டே இருந்தா. கடைசியில ஒரு கரண்டி, கன்னங்கரேல்னு.

"உம்மா, இது மையா?"

"பழம்தான் தங்கம். ஆ காட்டு."

"நீ மொதல்ல ஆ காட்டு."

"சொன்னாக் கேளு. எனக்கு வேணாம்."

"ஒனக்குப் புடிக்கலியா?"

அசனம்மா கரண்டியப் புள்ள வாயில வச்சா. புள்ள பல்லக் கடிச்சுக்கிட்டா. ஆணிய நக்குன மாதிரி ஒரு ருசி. கறுப்பா கடவாய் வழியா வழிஞ்சு, கழுத்து வழியா எறங்குச்சு. அசனம்மா அத வெரலால வழிச்சு வழிச்சு உள்ள தள்ளுனா. புள்ள தலையத் திருப்பிக்கிட்டா.

ஜெமீலா, தூங்கிட்டியா?

இல்ல. ம்.

அப்போ மூணாவது பழம். மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு, ஆனா வெளிச்சம் வரல. அந்தப் பழம் மரத்துலயே தானா வெடிச்சிருந்துச்சு. சுத்தியிருந்த துணிக்குள்ளேர்ந்து முத்தெல்லாம் பல்லக் காட்டி முழிச்சுக்கிட்டிருந்துச்சு. அசனம்மா அதக் கையில வச்சுக்கிட்டுப் புள்ளைக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. என்ன செய்யிறதுன்னே தெரியல. அவளுக்கு! மாதுளையில ஊரையே மயக்குனவளுக்கு!

அப்போ சபூராவே பேசுனா. சத்தம் சன்னமா இருந்துச்சு.

"உம்மா, வெறும் முத்தாத் தா. பல்லாங்குழி ஆடலாம்."

அசனம்மா பல்லாங்குழிப் பலகைய எடுத்துத் தொடச்சா. சோழிக்குப் பதிலா மாதுள முத்து. ஒவ்வொரு குழியிலயும் சரிசமமாப் போட்டா. ஒண்ணு கூடாம, ஒண்ணு கொறையாம. கறுத்த பலகையில செவப்பு முத்து, வெளக்கு ஏத்துன மாதிரி இருந்துச்சு.

"செயிச்சா திங்கலாம்," அப்படின்னா உம்மா.

"தோத்தா?"

"தோத்தாலும் நீதான் திங்கணும்."

சபூரா சிரிச்சா. நெசமாவே சிரிச்சா. ஒரு குழிய அள்ளி ஆடுனா. ஒரு முத்த எடுத்து வாயில போட்டா. கரக். அசனம்மா மூச்சப் புடிச்சுக்கிட்டா. புள்ள மென்னா, முழுங்குனா.

"இனிக்குது உம்மா."

அத்தன நாளும் தண்ணி கூட கசந்த வாயி, 'இனிக்குது'ன்னு சொல்லுச்சு. ஒரு குழி போச்சு, இன்னொரு குழி போச்சு. கரக், கரக். வாந்தி வரல. மீராமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே முந்தானையக் கடிச்சுக்கிட்டா. நடுவுல புள்ள கைய நீட்டி, "உம்மா, ஆ காட்டு"ன்னா.

"அப்புறம் தங்கம், அப்புறம். மொதல்ல நீ எல்லாத்தையும் முடி."

சபூரா கைய மடக்கிக்கிட்டா.

ம்.

அப்புறம் பொழுது எறங்குச்சு. கடைசிக் குழி மட்டும்தான் பாக்கி. அசனம்மா வெளக்கக் கிட்டக் கொண்டுவந்து பாத்தா. பாத்தவ அப்படியே ஒறஞ்சுட்டா. கடைசிக் குழியில ஒரு முத்து கொறையுது.

அவ போட்ட கணக்கு தப்பாது. எங்கயோ ஒண்ணு விழுந்துருச்சு. விழுந்தது அதுவா இருந்துட்டா? இம்புட்டும் தின்னும் அது உள்ள போகலைன்னா? வெளக்கத் தூக்கிக்கிட்டுத் தரையில மண்டி போட்டா. பலகைக்கு அடியில பாத்தா. பாய் ஓரத்த மடிச்சுப் பாத்தா. செவுத்து மூலையில எறும்பு வரிசை போச்சு, ஒவ்வொரு எறும்பு வாயையும் பாத்தா. தரையக் கையால தடவித் தடவி வாசப்படி வரைக்கும் போயிட்டா.

"உம்மா."

"இரு தங்கம். ஒரு முத்து. ஒரே ஒரு முத்து."

"உம்மா, இங்க பாரேன்."

"இந்தா வந்துட்டேன். நீ அசையாத, ஒனக்கு அடியில இருந்தாலும் இருக்கும், நசுங்கிரும்."

"உம்மா... ஆ..."

"இருன்னு சொன்னேன்ல!"

அப்புறம் சத்தம் இல்ல. பள்ளிவாசல்ல மஃரிபு பாங்கு சொன்னாக. பாங்கு முடியிற வரைக்கும் அவ வாசப்படி இடுக்குல குச்சிய விட்டு நோண்டிக்கிட்டே இருந்தா. முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வூடு ரொம்ப அமைதியா இருக்கேன்னு தலையத் தூக்குனா.

சபூரா ஒருச்சாஞ்சு படுத்திருந்தா. ஒரு கையி பாய விட்டு வெளிய, உம்மா இருந்த பக்கமா நீண்டிருந்துச்சு. வெரலு விரிஞ்சிருந்துச்சு. உள்ளங்கையில அந்த முத்து. நசுங்கல, காயல. கைச்சூட்டுல லேசா வேர்த்திருந்துச்சு.

...நன்னா?

ம்.

அவ தூங்கிட்டாளா?

ம். தூங்கிட்டா.

பாரு, இப்ப 'ம்' கொட்டுறது நானாப் போச்சு.

அசனம்மா வாசப்படியிலேர்ந்து தவழ்ந்தே வந்தா. புள்ள கைக்குக் கிட்ட மொகத்தக் கொண்டுபோயி வாயத் தொறந்தா. ஆ. அவ்வளவு நேரமும் தொறக்காத வாயி. நாக்கால அந்த முத்த எடுத்துக்கிட்டா. ஆனா மெல்லல. முழுங்கல. மென்னா தீந்துபோயிரும்ல? நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டா.

அதுதான் சொர்க்கத்து முத்தான்னு கேக்குற. எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் புளுகுவேன்தான், ஆனா அதுல புளுக மாட்டேன்.

அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல. நாக்க அசைச்சா முத்து நழுவிடும்னு பேசல. கல்யாண வூடுகளுக்குச் சமைக்கப் போவா. கல்யாண வூட்டுக்காரவுக வெளியூர்லேர்ந்து வாங்கியாந்த பழத்துல சர்பத்து போடுவா, பச்சடி கலப்பா, எல்லாம் பழையபடி. முந்தி மாதிரியே மறுபடியும் சஹனப் பாக்கல, திங்கிறவுக மொகத்தத்தான் பாத்தா. ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டே நிப்பா, எல்லாரும் தின்னுட்டு எந்திரிச்சுப் போனதுக்கு அப்புறமும் நிப்பா. கொல்லையில மரம் பூக்கும், காய்க்கும். அவ ஒண்ணையும் பறிக்கமாட்டா. அணிலுக தின்னு தின்னு பூனை சைசுக்கு ஆயிருச்சுக. சத்தியமா! வேலி மேல நடக்க முடியாம வாசல் வழியா நடந்து போகுங்க.

அப்படியே அவ கெழவியாகி, ஒருநா போயும் சேந்தா. குளிப்பாட்ட வந்த பொம்பளைக வாயத் தொடைக்கிறப்ப பாத்தாக. நாக்குக்கு அடியில அந்த முத்து. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே, செவப்பா, ஈரமா. ஒருத்தி வெரல விட்டு எடுக்கப் போனா. அப்போ மீராமா, அவளும் கூனிக் குறுகிப்போன கெழவி, கம்ப ஊணிக்கிட்டு வந்து அந்தக் கையத் தட்டிவிட்டா.

"எடுக்காதீக. அது புள்ள ஊட்டுனது."

அப்படியே விட்டுட்டாக. அதோடயே கொண்டுபோயி அடக்குனாக.

அதுலேர்ந்து அந்த ஊர்ல ஒரு வழக்கம். மாதுளம்பழம் ஒடைச்சா, மொத முத்து ஒடைச்சவுக வாய்க்குத்தான். புள்ளைகதான் ஊட்டணும். ஒடைச்சவுக 'எனக்கு வேணாம், நீ தின்னு'ன்னு சொல்லவே கூடாது. என்ன வேல இருந்தாலும் வாயத் தொறந்தே ஆகணும். சக்கர வியாதி இருந்தாலும்.

என்ன அப்படிப் பாக்குற? ஒங்க உம்மாவும் அந்த டாக்டரும் சேந்துக்கிட்டு எனக்கு ஒரு திராட்சை கூட கண்ணுல காட்டுறதில்ல, அது வேற விசயம். நான் வழக்கத்தச் சொன்னேன், அவ்வளவுதான். இந்தப் பழத்த ஒடைச்சது யாரு? நீயா? ஒங்க உம்மாவா?

ஆ...

ம். இனிக்குது.

ரொம்ப இனிக்குது ஜெமீலா. இன்னொண்ணு கேக்கமாட்டேன். நீ தின்னு. தின்னுட்டுக் கிண்ணத்தக் கீழ வையி. இங்க பாரு, என் மொகத்தப் பாரு. நானும் ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், எங்கயும் போகல. கதை கரையேறிப் போச்சு, வெளக்கக் கொறைச்சாச்சு, இனி ஒன் கண்ணு மட்டும்தான் மூடப் பாக்கி.

இந்தா, இன்னும் ஒரே ஒரு விசயம். இந்தக் கதைய ஒனக்கு யாரு சொன்னாகன்னு யாருட்டயும் சொல்லிராத. உம்மா கேட்டா, ஜன்னல்ல உக்காந்து ஒரு அணிலு சொல்லுச்சுன்னு சொல்லு. என் தாடியில ஏன் செவப்பா இருக்குன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லு.

பல்லா? ஆமா, லேசா ஆடுது. அது கொட்டையக் கடிச்சதுனால ஆடுது, வேற ஒண்ணும் இல்ல. அதையும் சொல்லாத. தூங்கு.